அறுபத்தொன்றாவது குழி

ஜனவரி 5, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். அதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், நாளைக்கு யாரும் வந்து பங்கு கேட்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்பு சங்ககிரி ரோட்டு பேக்கரியில், கையில் தேங்காய் பன்னை வைத்துக்கொண்டு சொன்னேன். "எல்லையில மேல வேலி போட்டா அவன் கீழ வருவான். கீழ வர்றவனைக் கண்டுபுடிக்கத் துப்பாக்கிக்காரனால ஆவாது. திருச்செங்கோட்டு ரிக்குக்காரனாலதான் ஆவும்." அன்றைக்குச் சிரித்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரின் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்று எல்லைக்கு வந்து சேர்ந்தோம். ஊர் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. என்னிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். (எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சொன்னார்கள். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.) பக்கத்து மாவட்டத்தில் விவசாயிகளுக்குக் குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தோம். ராணுவத்தார் எங்கள் காண்ட்ராக்டருக்குப் போன் செய்து துளை போடுகிற ரிக் வண்டி ஒன்று வேண்டும் என்றார்களாம். பொங்கியண்ணன், அதாவது நான், இருக்கிற ரிக்தான் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். காண்ட்ராக்டர் அதை என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் எனக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று பயம்.

இந்த டைரி, ரிக்குக்குத் துளைமுனை பிட் விற்கிற கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. எட்டாம் வகுப்போடு நின்ற ஆள் டைரி எழுதுவதா என்று வீட்டில் சிரித்தாள். எட்டு என்றாலும் அது அந்தக் காலத்து எட்டு.

ரிக்கில் லீவர் பிடிப்பவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இருபத்தாறு வருட அனுபவம், வண்டியில் எல்லோருக்கும் நான் மாமா. இன்னொன்று அர்த்தநாரி, என் தங்கை தங்கமணியின் வீட்டுக்காரர், எனக்கு மாப்பிள்ளை. பதினோரு வருடத்துக்கு முன்பு ராடு மாற்ற நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். லீவரை எப்படிப் பிடிப்பது என்று நான்தான் காட்டினேன். இதையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 8, வெள்ளி

மேஜர் ரத்தோர் என்பவர்தான் இங்கே தலைவர். ஆறடி, மீசை, பேச்சு முழுக்க இந்தி. எனக்கு இந்தி தெரியும், ஆனால் இவர் பேசுவது வேறு இந்தி. அதனால் ஹவில்தார் சுடலைமணி தமிழில் சொல்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் தோள் உயரம்தான் இருப்பார், ஒல்லி, வாய் மட்டும் ஓயாது. அவருக்கு நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி.

காலையில் மேஜர் ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டார். இது வேலி, இது நம் பக்கத்து வயல், இது வயலுக்குப் பின்னால் ஊர், இது ஊர்ப் பள்ளிக்கூடம்.

"மேஜர் சொல்லுதாரு, அண்ணாச்சி. சொரங்கம் தோண்டுதவனுக்கு மூணு தலவலி. தோண்டுன மண்ண எங்க கொண்டு கொட்ட, உள்ள இருக்கவன் எப்படி மூச்சு விட, வெளிய வார வாய எப்படி மறைக்க. நாம இந்த மூணையும்தான் தேடணும். ஆளத் தேடப்பிடாது."

நான் தலையை ஆட்டிய விதத்தில், இதை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன் என்று மேஜருக்குப் புரிந்திருக்கும்.

அப்போது மாப்பிள்ளை கேட்டார். "தோண்டுன மண்ணு அந்தப் பக்கந்தானுங்களே கெடக்கும்? நாம எப்புடீங்க பாக்கறது?"

சுடலைமணி அதை இந்தியில் சொன்னதும், மேஜர் மாப்பிள்ளையை பெரிய கெட்டிக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதனால்தான் ரிக்கைக் கூப்பிட்டோம் என்றார். மண்ணைப் பார்க்க முடியாது, மூச்சுக்குழாயைப் பார்க்க முடியாது, கருவிகள் வைத்தும் பார்த்தாயிற்று. இனி வேலியை ஒட்டி வரிசையாகக் குழி போட்டு, எந்தக் குழிக்குக் கீழே வெற்றிடம் வருகிறது என்று பார்ப்பதுதான் வழி.

அந்தக் கேள்வி என் வாயில்தான் இருந்தது. எச்சில் விழுங்குகிற நேரத்தில் அவர் கேட்டுவிட்டார்.

மேஜர் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்களையும் குறித்துக்கொண்டேன், ஊரில் போய்ச் சொல்ல உதவும். வாயைக் கண்டுபிடித்தால் உடனே அடைக்கக் கூடாது. அடைத்தால் எதிரி பத்தடி தள்ளி இன்னொன்று தோண்டுவான். காவல் போட்டுக் காத்திருக்க வேண்டும். அடுத்தது, உள்ளே ஆளை இறக்கக் கூடாது. நம்மிடம் நூறு பேர் இருந்தாலும் சுரங்கத்துக்குள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அவனோ இருட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாலே போதும். வெடியும் வைத்திருப்பான். மேலே நூறு பேர் பலம், கீழே போனால் ஒரே ஒருவர் பலம்.

மத்தியானம் டீ வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளரில். மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கோப்பையில், மேஜருடைய கோப்பைக்கு ஜோடி.

ஜனவரி 11, திங்கள்

வேலை தொடங்கியது. காலை லீவர் மாப்பிள்ளைக்கு, மத்தியானம் எனக்கு. நாளைக்குப் பத்துக் குழி, குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி, ஒவ்வொன்றும் இருபத்தைந்து அடி ஆழம்.

எங்கள் தொழில் தெரியாதவர்கள் இந்த டைரியைப் படிக்க நேரிட்டால் அவர்களுக்காக எழுதுகிறேன். ரிக் காற்றால் வேலை செய்கிறது. கம்ப்ரஸரிலிருந்து காற்று ராடு வழியாகக் கீழே போய், பிட் உடைத்த மண்ணைத் தூளாக மேலே தள்ளும். தூள் விடாமல் வந்தால் கீழே கெட்டி நிலம். சட்டென்று தூள் நின்றால் காற்று வேறு வழியில் ஓடிவிட்டது, கீழே பொந்து இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்குப் போடும்போது தூள் நின்றால் அது எங்களுக்குச் சனியன். இங்கே அதுதான் லாட்டரி. ஒவ்வொரு குழிக்கும் லாக் தாளில் எழுத வேண்டும்: ஆழம், மண்ணின் நிறம், தூள் நின்றதா இல்லையா. லீவர் பிடித்தவர் சொல்வதுதான் கணக்கு.

நாலாவது குழியில் மாப்பிள்ளை ஓடுகிற ராடுக்குப் பக்கத்தில் தரையில் உள்ளங்கையை வைத்து, "செங்கல்லுங்க. பொந்து இல்லீங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தூள் வந்தது. பழைய செங்கல். சிப்பாய்கள் கை தட்டினார்கள். மேஜர் ஸ்டோரிலிருந்து ஒரு பச்சை ஜாக்கெட்டை வரவழைத்து மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டார். உள்ளே கம்பளி, நான்கு பாக்கெட்.

முதலில் எனக்குத்தான் நீட்டினார்கள். எனக்குத் தோள் அகலம், பத்தவில்லை.

சாயங்காலம் தங்கமணி போன் செய்தாள். "ஏண்ணா, அவருக்கு மிலிட்டரி ஜாக்கெட் குடுத்தாங்களாமா? போட்டோ அனுப்பிச்சிருக்கறாரு. ஆபீசராட்ட இருக்குதுங்ணா."

"ஆமாமா, குளிருக்குக் குடுக்கறதுதான்."

"உனக்குங்ணா?"

"எனக்குக் குளிராதுமா."

ஜனவரி 12, செவ்வாய்

பத்துக் குழி. ஒன்றுமில்லை. நல்ல குளிர்.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். சுடலைமணி எங்கிருந்தோ பச்சரிசியும் வெல்லமும் பிடித்துக்கொண்டு வந்தார். ராணுவ அடுப்பில் பொங்கல் வைத்தோம். அரை நாள் வேலை, ஐந்து குழி.

பொங்கலுக்குத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் சீர் வைப்பது அண்ணன்காரன் கடமை. தங்கமணிக்கு அங்கே வீட்டில் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு நான் இங்கே கொடுக்க வேண்டும் என்று நாலு முழ வேட்டி ஒன்றை என் பெட்டியில் அடியில் வைத்து அனுப்பியிருந்தாள் என் வீட்டுக்காரி. ஜரிகைக் கரை. எடுக்கலாம் என்று கூடாரத்துக்குள் போனேன். கூடார ஓட்டை வழியாகப் பார்த்தால், பொங்கல் பானைக்கு முன்னால் மேஜர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டோடு.

பெட்டியை மூடிவிட்டேன். வேட்டி கொஞ்சம் கசங்கியிருந்தது, அதுதான் காரணம்.

தங்கமணி போனில் கேட்டாள். "சீர் குடுத்தாச்சுங்ளாண்ணா?"

"காலையிலயே குடுத்தாச்சு."

ஜனவரி 15, வெள்ளி

அந்தக் காலத்தில் கோட்டைக்குள் இருக்கிறவர்கள், எதிரி அடியில் குடைகிறானா என்று கண்டுபிடிக்கத் தரையில் தண்ணீர்ச் சொம்பு வைத்துப் பார்ப்பார்களாம். தண்ணீர் நடுங்கினால் கீழே வேலை நடக்கிறது. இதை மேஜருக்குச் செய்து காட்டினேன். சொம்பை வைத்தேன். தண்ணீர் நன்றாக நடுங்கியது. மேஜர் குனிந்து பார்த்தார். சிப்பாய்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மாப்பிள்ளை மெதுவாக வந்து, "மச்சான், கம்ப்ரஸர் ஓடிட்டு இருக்குதுங்க" என்றார்.

கம்ப்ரஸரை நிறுத்தியதும் தண்ணீரும் நின்றுவிட்டது. சுடலைமணி தரையில் உட்கார்ந்து சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரி 17, ஞாயிறு

இன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுத வேண்டும், அந்தப் பேனா இல்லை.

காலையில் மாப்பிள்ளை அறுபதாவது குழி வரை முடித்து லீவரை என்னிடம் கொடுத்தார். ஞாயிறு என்பதால் மத்தியானம் ஒரே ஒரு குழிதான். ராடு மாற்றுகிற ஆட்கள் டீசல் கேன் எடுக்கப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை பின்னால் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்றார். அறுபத்தொன்றாவது குழி, பதினெட்டாவது அடி. தூள் நின்றது.

பத்து எண்ணும் வரை நின்றது. நான் எண்ணினேன். பன்னிரண்டுகூட இருக்கும். பிறகு மறுபடி வந்தது.

கையைத் தூக்கி "கேப்" என்று கத்தினேன், பொந்துக்கு நாங்கள் சொல்வது அப்படித்தான். மேஜர் ஓடி வந்தார். ஆறடி ஆள் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். என் கையைப் பிடித்துக் குலுக்கினார், என் தோளிலிருந்து மண் உதிர்ந்தது. கண்ணாடிக் கோப்பையில் டீ வந்தது. அது ஒன்றும் அவ்வளவு பெரிய கோப்பை இல்லை, பக்கத்தில் பார்த்தால் விளிம்பில் லேசாக உடைந்திருக்கிறது.

மேஜர் மாப்பிள்ளையிடமும் ஏதோ கேட்டார். "நீரும் பாத்தீரான்னு கேக்காரு" என்றார் சுடலைமணி.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "லீவர் மச்சான் கையிலதானுங்களே இருந்துச்சு. மச்சான் சொல்றதுதானுங்க கணக்கு."

வேண்டா வெறுப்பாகச் சொன்ன மாதிரி இருந்தது. பொறாமை யாரைத்தான் விட்டது.

ஜனவரி 18, திங்கள்

குழி வரிசையை நிறுத்திவிட்டார்கள். பொக்லைன் வந்து அறுபத்தொன்றில் தோண்டுகிறது. வேலி நெடுகக் காவல் நின்றவர்களில் பாதிப் பேரை இங்கே கொண்டுவந்து சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி. இரண்டு நாற்காலி போட்டார்கள், ஒன்று மேஜருக்கு, அவர் உட்காரவில்லை. ஆகவே நான்தான் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை நாள் முழுக்கக் கம்ப்ரஸருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பதினைந்து அடி. ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டில் தெரியும்.

ஜனவரி 19, செவ்வாய்

இருபத்திரண்டு அடி வரை போய்விட்டார்கள். பள்ளத்தில் தண்ணீர் ஊறுகிறது. பக்கச் சுவர் வழவழவென்று இருக்கிறது, எலி வளைகூட இல்லை.

மேஜர் என்னைக் கூப்பிட்டு, எவ்வளவு நேரம் தூள் நின்றது என்று மறுபடி கேட்டார்.

"இருபது எண்ற வரைக்குமுங்க" என்றேன்.

சுடலைமணி மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். "அன்னைக்குப் பத்துன்னியளே அண்ணாச்சி."

"அது மெதுவா எண்ணுன பத்து."

மேஜர் வரைபடத்தின் மேல் குனிந்து விரலால் அளந்தார். கடைசியில் சொன்னார்: பெரிய சுரங்கம் வேறு எங்கோ இருக்கிறது, இங்கே வந்தது அதன் கிளை. ஒரு ஆள் ஊர்ந்து போகிற அகலத்தில் இருக்கும், வளைந்து போயிருக்கும், நம் பள்ளத்துக்கு ஓரடி தள்ளியே போயிருக்கலாம். கிளை எந்தப் பக்கம் போகும்? ஊர்ப் பக்கம்தான் போகும். வரைபடத்தில் அறுபத்தொன்றிலிருந்து பள்ளிக்கூடம் வரை புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு போட்டார்.

பென்சிலில் இல்லை, பேனாவில். ராணுவ வரைபடத்தில் என்னால் ஒரு கோடு இருக்கிறது. மாப்பிள்ளையால் என்ன இருக்கிறது? ஒரு செங்கல்.

ஜனவரி 20, புதன்

விரலெல்லாம் சிராய்ப்பு, எழுத்து கோணலாக வரும்.

பொக்லைன் திரும்ப இடம் போதவில்லை என்று ரிக்கைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். பாதை சேறாக இருந்ததால் வரிசைக் கோட்டை ஒட்டியே எழுபது அடி முன்னால் ஓட்டினார். நான் பின்னால் நின்று கை காட்டினேன். வலது பின்சக்கரம் திடீரென்று மண்ணுக்குள் இறங்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கி வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அவர் நின்ற இடமே உள்ளே போய்விட்டது. இடுப்பு வரை.

அவர் கத்தவில்லை. "மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

சிப்பாய்கள் படுத்துக்கொண்டு இழுத்தார்கள். நானும் இழுத்தேன். வலது முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் திரும்பியிருந்தது. கட்டுவதற்குத் துணி கேட்டார்கள். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து கையில் கிடைத்ததை எடுத்து வந்தேன். ஜரிகைக் கரை வேட்டி. சுடலைமணி அதைக் கிழித்து இரண்டு பலகை வைத்துக் கட்டினார். மாப்பிள்ளை அந்தக் கரையைத் தடவிப் பார்த்து, "இது சீர் வேட்டீங்ளா மச்சான்?" என்றார். ஆமாம் என்றேன். ஆக, சீர் கொடுத்தாகிவிட்டது. தங்கமணி இனிமேல் கேட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அவரை ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். அவர் கால் போன ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பலகை வைத்துத் தாங்கிய சுவர், மணல் மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குழாய். சுரங்கம்.

ஜனவரி 21, வியாழன்

பெரிய அதிகாரிகள் மூன்று ஜீப்பில் வந்தார்கள். எல்லோரும் அர்த்தநாரி, அர்த்தநாரி என்கிறார்கள். வாயில் நுழையாத பெயரை இந்திக்காரர்கள் எப்படியோ சொல்லப் பழகிவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் கண்டுபிடித்தது நான். நான் அறுபத்தொன்றில் நிறுத்தாமல் இருந்தால் பொக்லைன் வந்திருக்காது. பொக்லைன் வராவிட்டால் ரிக் நகர்ந்திருக்காது. ரிக் நகராவிட்டால் சக்கரம் இறங்கியிருக்காது. இதைச் சுடலைமணியிடம் விளக்கினேன்.

அவர் விரலை மடக்கி எண்ணினார். "எழுவதடின்னா மூணடிக்கு ஒரு குழி. இருவத்திமூணு குழி. எம்பத்துநாலாவது குழி நேரா அதுக்கு மேல விழுந்திருக்கும் அண்ணாச்சி. நாளைக்குப் பத்துன்னாலும் திங்கக்கெழம எழுவத்தொண்ணு, செவ்வா எம்பத்தொண்ணு, புதன் காலையில எம்பத்துநாலு. அதே நாளுதான். கால் ஒடையாம."

புதன் காலை. காலை லீவர் மாப்பிள்ளையுடையது. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கையால்தான் அது கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

ரிக்கின் கொக்கியில் அவருடைய ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. பனியில் நனையக் கூடாது என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோளெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நல்ல கதகதப்பு. ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். மேல் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு. மாப்பிள்ளை தன் பங்குக்கும் ஒவ்வொரு குழியையும் குறித்து வைத்திருக்கிறார். நான் பழக்கிய பழக்கம். அறுபத்தொன்று என்று தேடினேன்.

"61. மச்சான் லீவர். தூள் விடாமல் வந்தது. நின்றது என்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை."

கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்றால் முன்பக்கம் தூள் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்கு எழுதத் தெரிந்த அளவுக்குப் பார்க்கத் தெரியாது, தப்பாக எழுதியிருப்பார் என்று சொல்லலாம். சொல்லலாம்.

மத்தியானம் மேஜர் எல்லோரையும் கூப்பிட்டுத் திட்டம் சொன்னார். அவர் முதல் நாள் சொன்ன முறைப்படி, பெரிய சுரங்கத்தை அடைக்கக் கூடாது, காவல் போட்டுக் காத்திருக்க வேண்டும், ஆளை இறக்கக் கூடாது. ஆனால் இப்போது முடியாது என்கிறார். காரணம், அந்தப் புள்ளிக் கோடு. கிளை பள்ளிக்கூடத்துக்கு அடியில் போயிருந்தால், நாம் இங்கே உட்கார்ந்து காத்திருக்கும்போது அவன் அங்கே பிள்ளைகளுக்கு நடுவில் வெளியே வருவான். ஆகவே நாளை காலையில் ஒரு ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்து போய்க் கிளை எங்கே பிரிகிறது என்று பார்த்து வர வேண்டும். உடம்பு சின்னதாக இருக்கிற ஆள்.

எல்லோரும் சுடலைமணியைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "சின்ன வயசுல இருந்து எல்லாரும் குட்டையா குட்டையாம்பானுவ. இப்பதான் அதுக்கு ஒரு பெருமை வந்திருக்கு."

பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, பதினெட்டடிதானே? கெளை எந்தப் பக்கமா இருக்கும்னு உங்களுக்கு ஒரு யூகம் இருக்கும்லா. இடதா, வலதா? வெடி கெடந்தா தடவித்தான் பாக்கணும், அதான் கேக்கேன்."

"வலது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கேட்டார், எனக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கு எப்போதுமே அப்படித்தான், யார் கேட்டாலும் பதில் வந்துவிடும்.

ஜனவரி 22, வெள்ளி

காலையில் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. ஓட்டைக்குப் பக்கத்தில் சுடலைமணி தரையில் உட்கார்ந்து இடுப்பில் கயிறு முடிந்துகொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு சிப்பாயிடம் கொடுத்தார். பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. எச்சில் தொட்டு இழுத்தார்.

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஜாக்கெட் போட்டிருந்தேன்.

"மேஜரக் கூப்புடுங்க" என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"அந்தப் பள்ளிக்கூடத்துக் கோட்டை அழிக்கச் சொல்லுங்க."

"ஏன், எடது பக்கமா?"

"எந்தப் பக்கமும் இல்லீங்க. அழிக்கச் சொல்லுங்க."

அவர் மோதிரத்தை இழுப்பதை நிறுத்தினார். நான் இரவு முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஏர் பில்டர் அடைத்துக்கொண்டால்கூடத் தூள் நிற்கும், டீசல் சரியில்லாவிட்டாலும் நிற்கும், பனியில் கண்ணுக்கு அப்படித் தெரியும். மூன்று காரணமும் நல்ல காரணங்கள்தான். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவே இல்லை. கயிறு அவர் இடுப்பிலேயே இருந்தது. முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

நான் லாக் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். காலையில் திருத்தி எழுதி, கீழே தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தேன். அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இத நான் இந்தியில எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?" என்றார்.

"உள்ளபடி சொல்லுங்க."

சொன்னார். நீளமாகச் சொல்லவில்லை. மேஜர் தாளை வாங்கிப் பார்த்தார், அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஊரில் போய் அதையும் ஒரு கதையாகச் சொல்லியிருக்கலாம். வரைபடத்தை விரித்து, பேனாவால் போட்ட கோட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அது நன்றாகத் தெரிகிற கோடு. பிறகு தானே குனிந்து சுடலைமணியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். ஓட்டையைச் சுற்றிக் காவலை நிறுத்தினார். வேலி நெடுக ஆட்களைத் திரும்ப அனுப்பினார். முதல் நாள் குச்சியால் தரையில் போட்டுக் காட்டிய அதே திட்டம்.

எங்களை நாளைக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மிச்ச வரிசைக்கு வேறு ரிக் வரும்.

சுடலைமணி என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில் மட்டும், "ஏறுங்க" என்றார். "அண்ணாச்சி" சேர்க்கவில்லை.

மாப்பிள்ளை கால் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஜாக்கெட்டைக் கழற்றி அவர் கால்மாட்டில் வைத்தேன். அவர் முதலில் மேல் பாக்கெட்டைத்தான் தொட்டுப் பார்த்தார். நோட்டு இருந்தது.

"படிச்சுப்போட்டீங்ளா மச்சான்?"

"படிச்சேன்."

"தங்கமணிகிட்டச் சொல்ல மாட்டேனுங்க."

அவர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜாக்கெட், கோப்பை, போட்டோ, செங்கல், எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இதைத்தான் எப்படிப் பொறுப்பது என்று தெரியவில்லை. வேட்டியின் கரைத் துண்டு ஒன்று அவர் தலையணைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

பேக்கரியில் கேட்பார்கள். ஏழு பேரும் கேட்பார்கள். சொல்வதற்கு நிறைய இருக்கிறது, நான் முன்பே சொன்னதும் உண்மைதான், அவன் கீழேதான் வந்தான். ஆனால் லாக் தாளில் திருத்தியதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்து இருபதாகி, ஊர் போய்ச் சேர்வதற்குள் நாற்பதாகிவிடும்.

குழி 61. ஆழம் பதினெட்டு அடி. மண் மஞ்சள். தூள் நிற்கவில்லை. ஒன்று எண்ணும் நேரம்கூட நிற்கவில்லை.